இரண்டாம் ஆண்டுப் பாடமும் நம் கடைக் கணக்கும்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் 2024 நவம்பரில் ஆற்றிய உரை)





"உயர்கல்வியும் நம் சமுதாயமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அதைப் பேசினால், எல்லோருக்கும் முன்பே தெரிந்த அறிவுரையைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் குழுவினரிடம் அனுமதி கேட்டு, பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் எடுக்கும் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். இடைநிலைப் பேரியல் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் சுருக்கமாக 'இன்டர் மேக்ரோ' என்பார்கள். மருத்துவம் பற்றியும் சட்டம் பற்றியும் கணக்கியல் பற்றியும் பேச நம் சங்கத்தில் ஆள் இருக்கிறது. இந்தப் பாடத்தைப் பற்றிப் பேச யாரும் இந்த மேடையில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

ஏன் இந்தப் பாடம்? நம் குடும்பங்கள் என்ன தொழில் செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கிள்ளானிலும் சுபாங்கிலும் சாப்பாட்டுக் கடை. மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாணய மாற்றுக் கடை. ஜாலான் தெங்கு கிளானாவில் ஜவுளி, மளிகை. போர்ட் கிள்ளான் வழியாக வெங்காயம், பருப்பு இறக்குமதி. சாப்பாட்டுக் கடைக்காரரின் கவலை விலைவாசி. நாணய மாற்றுக்காரரின் பிழைப்பு ரிங்கிட்டின் மதிப்பில் இருக்கிறது. கடன் வாங்கிக் கடை போட்டவரின் தூக்கம் வட்டி விகிதத்தில் இருக்கிறது. விலைவாசி, நாணய மதிப்பு, வட்டி, இவற்றோடு வேலைவாய்ப்பு. இவை ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்பதுதான் அந்தப் பாடம். வேறு எந்தச் சமூகத்தையும்விட நம் வாழ்க்கை அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் அதைப் படிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதலாம் ஆண்டில் பெயர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்றால் என்ன, பணவீக்கத்தை எப்படி அளப்பது, மத்திய வங்கிக்கு என்ன வேலை. மனப்பாடம் செய்து தேறிவிடலாம். பலரும் அப்படித்தான் தேறுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் கேள்வியே வேறு மாதிரி வரும். "அரசாங்கம் செலவைக் குறைக்கிறது. அதே சமயம் மத்திய வங்கி வட்டியை ஏற்றுகிறது. முதலீட்டாளர்கள் பயந்து பணத்தை வெளியே எடுக்கிறார்கள். உற்பத்தி, வட்டி, நாணய மதிப்பு மூன்றும் எங்கே போய் நிற்கும்? படம் வரைந்து விளக்குக." எஸ்.டி.பி.எம்.மில் பொருளாதாரத்தில் 'ஏ' வாங்கிய பிள்ளைகள்கூட முதல் இரண்டு வாரம் இதைக் கண்டு விழிப்பார்கள். விழிக்கட்டும், பரவாயில்லை.

அந்தப் படத்தின் அடிப்படையைக் கடை மொழியிலேயே சொல்லிவிடலாம். கெயின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1936-இல் ஒரு கடினமான நூல் எழுதினார். அடுத்த ஆண்டே ஜான் ஹிக்ஸ் அதன் சாரத்தை இரண்டு கோடுகளில் வரைந்து காட்டினார். ஐ.எஸ்., எல்.எம். என்று அந்தக் கோடுகளுக்குப் பெயர்.

வட்டி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டாவது கடை போடத் துணிகிறார். தச்சருக்கு வேலை வருகிறது, அடுப்பு விற்பவருக்கு விற்பனை வருகிறது, நான்கு ஊழியர்களுக்குச் சம்பளம் வருகிறது. அந்த நால்வரும் பெருநாளுக்குச் சட்டை எடுக்கிறார்கள். ஜவுளிக் கடைக்கு வரவு. ஜவுளிக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்து நம் கடையில் சாப்பிடுகிறார். வட்டி இறங்க இறங்க நாட்டின் வருமானம் ஏறும் என்பது முதல் கோடு. இனி இரண்டாவது. வியாபாரம் கூடினால் எல்லோருக்கும் கையில் ரொக்கம் கூடுதலாகத் தேவைப்படும். நாட்டில் புழங்கும் பணம் அதே அளவில் இருந்தால் பணத்துக்குத் தட்டுப்பாடு வரும், வட்டி ஏறும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நாடு நிற்கிறது. இன்று மத்திய வங்கிகள் வட்டியை நேரடியாகவே அறிவித்துவிடுவதால் இரண்டாவது கோட்டைப் படுக்கையாக வரைகிறவர்களும் உண்டு. அது விரிவுரையாளர்கள் சண்டை போட வேண்டிய விஷயம். நாம் மேலே போவோம்.

இந்தக் கோடுகள் எதற்கு உதவும் என்று கேட்டால், நான் 1998-ஐத்தான் காட்டுவேன். அந்த ஆண்டு நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். விரிவுரை மலாயில், பாடநூல் ஆங்கிலத்தில், எனக்குப் புரிந்தது தமிழில். வட்டி விகிதத்துக்கு மலாயில் 'காடார் ஃபாஏடா' என்பார்கள். அந்தச் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. நன்மை, பயன் என்று பொருள். அந்த ஆண்டில் வட்டியால் யாருக்கு என்ன பயன் கிடைத்தது என்று நாங்கள் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து பேசிச் சிரித்ததுண்டு. வீட்டுக்குப் போனால் சிரிப்பு வராது.

நடந்ததை இளைஞர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் மிதக்க விட்டது. ஜூலை 14 அன்று பேங்க் நெகாராவும் ரிங்கிட்டைத் தாங்குவதை நிறுத்தியது. டாலருக்கு இரண்டரை வெள்ளி என்று இருந்தது, 1998 ஜனவரி 7 அன்று 4.88 வரை போனது. பிரிக்பீல்ட்ஸில் என் மாமா நாணய மாற்றுக் கடை வைத்திருந்தார். காலையில் எழுதிய விலையைப் பகலுக்குள் இரண்டு மூன்று முறை அழித்து எழுதுவார். வெளியிலிருந்து பார்த்தவர்கள் "உங்களுக்கென்ன, ஏறினாலும் இறங்கினாலும் லாபம்தானே" என்றார்கள். காலையில் விற்ற டாலரை மாலையில் அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தவருக்கு லாபம் எங்கிருந்து வரும்?

அரசாங்கம் முதலில் எடுத்த வழி, அன்று உலகம் முழுவதும் சொன்ன வழிதான். 1997 டிசம்பர் 5 அன்று அரசுச் செலவில் 18 விழுக்காட்டை வெட்டுவதாக அறிவித்தார்கள். வட்டியையும் ஏற்றினார்கள். வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதம் 1998 ஜூனில் 12 விழுக்காட்டைத் தாண்டியது. வட்டி ஏறினால் வெளிநாட்டுப் பணம் திரும்பி வரும், ரிங்கிட் நிமிரும் என்பது கணக்கு. ஆனால் பயம் பிடித்தவனுக்கு இரண்டு மூன்று விழுக்காடு கூடுதல் வட்டி ஒரு பொருட்டல்ல. பணம் வரவில்லை. ஏறிய வட்டி உள்ளூர்க்காரர்களைத்தான் அடித்தது. முன்னே சொன்ன தேர்வுக் கேள்வியில் செலவுக் குறைப்பு ஒரு கோட்டை இடப்பக்கம் தள்ளும். வட்டி ஏற்றம் மற்றக் கோட்டையும் அதே பக்கம் தள்ளும். வருமானம் இரண்டு பக்கமும் அடிபட்டுச் சுருங்கும். அந்த ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது.

கிள்ளானில் என் சாச்சா 1996-இல் இரண்டாவது சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். நல்ல இடம், நல்ல கூட்டம். கடனுக்கு வட்டி, அடிப்படைக் கடன் விகிதத்துக்கு மேல் இவ்வளவு என்று ஒப்பந்தம். விகிதம் ஏற ஏற மாதத் தவணையும் ஏறியது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள், கூட்டமும் குறைந்தது. 1998 நடுவில் கடையை மூடினார். "நம்ம நசீபு அவ்வளவுதான்" என்றார். அல்லாஹ்வின் நாட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட நாளில் அந்த ஒப்பந்தத்தைப் படித்து, "சாச்சா, வட்டி ஆறு மாதத்தில் மூன்று விழுக்காடு ஏறினால் தவணை எவ்வளவு வரும், அந்த நேரத்தில் வியாபாரமும் சேர்ந்து படுத்தால் எத்தனை மாதம் தாங்கும்?" என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எட்டுப் பேரப்பிள்ளைகளில் ஆறு பேர் அப்போது கடையில் நின்றார்கள்.

சரி, நாடு எப்படி வெளியே வந்தது? இங்கேதான் இடைநிலைப் பாடத்தின் மிக அழகான பகுதி வருகிறது. ராபர்ட் மண்டெல், மார்கஸ் பிளெமிங் என்ற இருவர் 1960-களின் தொடக்கத்தில் அதற்கு அடித்தளம் போட்டார்கள். மண்டெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நாடு மூன்று விஷயங்களை விரும்பும். ஒன்று, நாணய மதிப்பு ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டு, பணம் எல்லையைத் தாண்டித் தடையில்லாமல் போய்வர வேண்டும். மூன்று, வட்டியை உள்நாட்டு நிலைமைக்கு ஏற்ப நாமே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் நல்லவைதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுதான் கிடைக்கும்.

ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். டாலருக்கு இவ்வளவு வெள்ளிதான் என்று உறுதி கொடுத்துவிட்டோம். எல்லையும் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் வட்டி 5 விழுக்காடு. நாம் 3 ஆகக் குறைக்கிறோம். மதிப்பு மாறாது என்று பேங்க் நெகாராவே சொல்லிவிட்ட பிறகு யார் ரிங்கிட்டை வைத்துக்கொள்வார்கள்? எல்லோரும் ரிங்கிட்டைக் கொடுத்து டாலர் கேட்பார்கள். பேங்க் நெகாரா தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கையிருப்புத் தீர்ந்த அன்று ஒன்று மதிப்பை விட வேண்டும், அல்லது வட்டியை ஏற்ற வேண்டும், அல்லது கதவைச் சாத்த வேண்டும். நாணய மாற்றுக் கடை நடத்துகிறவர்களுக்கு இதைப் பத்து வினாடியில் விளக்கிவிடலாம். வகுப்பில் மூன்று வாரம் ஆகும்.

1998-இல் மலேசியா கதவைச் சாத்தியது. செப்டம்பர் 1 அன்று கட்டுப்பாடுகளை அறிவித்தார்கள். மறுநாள் டாலருக்கு 3.80 என்று மதிப்பை நிறுத்தினார்கள். அந்த வாரம் அரசியல் செய்தி பெரிதாக இருந்ததால் பலருக்கு இது பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டது. எங்கள் வகுப்பில் மட்டும் வேறு பேச்சே இல்லை. பாடநூலில் இருந்த முக்கோணப் படம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது போல இருந்தது. அன்று பேங்க் நெகாராவின் பொறுப்பை இடைக்காலமாக ஏற்றிருந்தவர் டாக்டர் ஸெத்தி அக்தார் அஸீஸ். அவரும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பிறகு 2000 முதல் 2016 வரை ஆளுநராகவே இருந்தார். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாடுகள் என்னென்ன என்பது நம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதுவரை சிங்கப்பூரில் ரிங்கிட் வைப்புத் தொகைக்கு 20 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி கிடைத்தது. அந்த ரிங்கிட்டைக் கடன் வாங்கி விற்றுத்தான் ஊக வணிகர்கள் மதிப்பை இறக்கினார்கள். வெளியே இருக்கும் ரிங்கிட்டெல்லாம் அக்டோபர் 1-க்குள் நாடு திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பங்குகளை விற்ற வெளிநாட்டார் அந்தப் பணத்தை ஓராண்டு இங்கேயே வைத்திருக்க வேண்டும். பயணிகள் ஆயிரம் வெள்ளிக்கு மேல் ரிங்கிட் நோட்டாகக் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது. ஊருக்குப் போகும்போது கட்டாகக் கொண்டுபோய் அங்கே மாற்றும் பழக்கம் இருந்ததல்லவா, அது அத்தோடு நின்றது. 500, 1,000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. நாணய மாற்றுத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்ததும் அதே 1998-இல்தான். என் மாமாவின் கடைப் பலகையில் டாலர் வரிசை அதன்பின் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், 2005 ஜூலை 21 வரை, பெரிதாக அசையவே இல்லை.

கதவைச் சாத்தியதால் வட்டியைக் குறைக்க முடிந்தது. ஓராண்டுக்குள் அடிப்படைக் கடன் விகிதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. 1999-இல் நாடு 6.1 விழுக்காடு வளர்ந்தது. சாச்சாவின் கடையை எடுத்தவர் இன்றும் அங்கே நடத்துகிறார். பதினைந்து மாதம் முன்னும் பின்னும்தான் வித்தியாசம்.

இதோடு நிறுத்தினால் இது மேடைப் பேச்சு. இடைநிலைப் பாடம் இங்கே நிறுத்தாது, "கட்டுப்பாடுதான் காப்பாற்றியது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கும். தென் கொரியா கதவைச் சாத்தவில்லை, ஐ.எம்.எப். சொன்னபடி நடந்தது, 1999-இல் நம்மைவிட வேகமாக வளர்ந்தது. நாம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது வட்டாரத்தில் பயமே தணியத் தொடங்கியிருந்தது என்பார்கள் ஒரு சாரார். ஈதன் கேப்லன், டேனி ரோட்ரிக் என்ற இருவர் மறுதரப்பில் நின்று, மலேசியாவில் நெருக்கடி நீடித்துக்கொண்டிருந்த கட்டத்தைச் சரியாக எடுத்து ஒப்பிட்டால் கட்டுப்பாடு பலன் தந்தது தெரியும் என்று எழுதினார்கள். சென்ற மாதம் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான சைமன் ஜான்சன், டாட் மிட்டன் என்பவரோடு சேர்ந்து வேறொன்றைக் காட்டினார். கட்டுப்பாடு வந்தபின் அரசியல் தொடர்புள்ள நிறுவனங்களின் பங்குகள்தான் கூடுதலாகப் பயனடைந்தன என்றார். என் கருத்தைக் கேட்டால், அந்தச் சூழலில் அது துணிச்சலான, பெருமளவு சரியான முடிவு. ஆனால் அதன் பலன் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை. உங்கள் மகள் அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு என்னோடு மாறுபட்டால் எனக்கு மகிழ்ச்சியே.

கதவைச் சாத்துவதும் லேசான காரியமல்ல. சாத்தாமலும், மதிப்பை விடாமலும், வட்டியைத் தாழ்வாகவும் வைக்க முயன்றால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் உறவுள்ளவர்கள் கண்ணால் கண்டார்கள். 2021-இல் டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று பிடித்துவைத்தார்கள். கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மூன்று மாதத்தில் 360-ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வரிசைக்குப் பல காரணங்கள் உண்டு. இந்த முக்கோணமும் அவற்றில் ஒன்று.

நம் நாட்டில் இன்று மூன்றில் எதை விட்டிருக்கிறோம்? நாணய மதிப்பை. இந்த ஆண்டு பிப்ரவரியில் டாலர் 4.80-ஐ நெருங்கியது. "98 திரும்ப வந்துவிட்டதா?" என்று எனக்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள்! அமெரிக்காவில் வட்டி 5.25 முதல் 5.50 வரை, இங்கே ஓ.பி.ஆர். 3.00. பணம் கூடுதல் வட்டியைத் தேடிப் போனது. செப்டம்பர் 18 அன்று அமெரிக்கா அரை விழுக்காடு குறைத்தது. குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சிலேயே ரிங்கிட் நிமிர்ந்து, அந்த மாதக் கடைசியில் 4.12 வாக்கில் நின்றது. இங்கே ஓ.பி.ஆர். இம்மியும் மாறவில்லை. முழுக் காரணம் அதுவல்ல என்றாலும், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அந்தச் சில வாரங்களில் என்ன வித்தியாசம் என்பதை ரசீதில் பார்த்திருப்பீர்கள்.

விலைவாசியைப் பற்றி ஒரு சொல். சென்ற டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இந்த மே மாதம்தான் எடுத்தது. இடையில் நம் கடைகளில் வெங்காயம் என்ன விலை விற்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டியை ஏற்றினால் வெங்காயம் முளைக்குமா? முளைக்காது. தேவை மிகுந்து வரும் விலையேற்றம் வேறு, வரத்துக் குறைந்து வரும் விலையேற்றம் வேறு, மருந்தும் வேறு என்பதற்கு வகுப்பில் ஒரு தனி அத்தியாயமே உண்டு.

இன்னொன்றையும் தாய்மார்களுக்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேமிப்பு உங்கள் துறை. கெயின்ஸ் ஒரு வேடிக்கையான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு குடும்பம் சிக்கனமாக இருந்தால் அது நன்றாக இருக்கும். எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதத்தில் சிக்கனம் பிடித்தால் எல்லோர் வருமானமும் குறையும், கடைசியில் சேமிப்பும் கூடாது. என் செலவுதானே உங்கள் வரவு? 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இதை ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையும் உணர்ந்தது. அப்போது இ.பி.எப். பணத்தை எடுக்க நான்கு தடவை அனுமதித்தார்கள். மொத்தம் 145 பில்லியன் வெள்ளி வெளியே வந்தது. கடைகள் பிழைத்தன. ஆனால் ஓய்வுக்கால வருமானத்தைப் பற்றி மோடிகிலியானி என்ற அறிஞர் எழுதியதைப் படித்த மாணவனுக்கு அடுத்த கேள்வி உடனே தோன்றும்: அறுபது வயதில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? இந்த ஆண்டு மே 11 முதல் இ.பி.எப். கணக்கை மூன்றாகப் பிரித்ததற்குப் பின்னால் இந்தக் கேள்வியும் இருக்கிறது.

"அத்தா, பாடம் முழுக்க வட்டியாக இருக்கிறதே, படிக்கலாமா?" என்று ஒரு மாணவர் தன் தகப்பனாரிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். மார்க்கத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதை ஆலிம்களிடம் விடுகிறேன். நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். டாக்டர் ஸெத்தியின் தந்தை உங்கு அஸீஸ், மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர், பின்னாளில் அதன் துணைவேந்தர். ஹஜ்ஜுக்குப் போகக் கிராமத்து மக்கள் பணத்தைத் தலையணைக்குள்ளும் மண்பானையிலும் ஒளித்துவைப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் விழுவதையும் அவர் பார்த்தார். வங்கியில் போட்டால் வட்டி கலக்கும் என்ற அவர்கள் தயக்கத்தையும் புரிந்துகொண்டார். வட்டியில்லாமல் சேமித்து, அந்தப் பணத்தை நாட்டின் முதலீடாக்கும் ஒரு திட்டத்தை 1959-இல் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து 1963-இல் பிறந்ததுதான் இன்றைய தாபோங் ஹாஜி. சேமிப்பு முதலீடாக மாறும் வழி நம் பாடத்தின் முதல் வாரத்திலேயே வருகிறது. வட்டியை வேண்டாம் என்பவருக்குத்தான் அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

இனி மாணவர்களுக்கு. கணிதத்தைக் கண்டு பயப்படாதீர்கள். வகைநுண்கணிதத்தின் தொடக்கமும், மடக்கையும், இரண்டு சமன்பாட்டை ஒன்றாகத் தீர்ப்பதும் போதும். எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு இது சுமையே இல்லை. படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். வெள்ளைத்தாளில் திரும்பத் திரும்ப வரைந்து, எந்தக் கோடு ஏன் நகர்ந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். பேங்க் நெகாராவின் பணக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய அறிக்கை வெளியிடுகிறது. அதை எடுத்துவைத்து, ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறது என்று குறித்துப் பழகுங்கள். தேர்வில் அது கைகொடுக்கும். வேலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வங்கிகள், நிதியமைச்சு, புள்ளிவிவரத் துறை, ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. பேங்க் நெகாராவே உபகாரச் சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளை எடுக்கிறது. விண்ணப்பிக்கிறவர்கள் பட்டியலில் நம் பெயர்களை நான் அதிகம் பார்க்க விரும்புகிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையை வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளிலும் கணக்குப் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்து, கடன் ஒப்பந்தத்தையும் காட்டுங்கள். "இதெல்லாம் உனக்கெதற்கு, படிக்கிற பிள்ளை" என்று ஒளிக்க வேண்டாம். அவர்கள் படிப்பது அதைத்தான்.

சங்கத்துக்கும் ஒன்று கேட்கிறேன். நம் கல்வி நிதி இதுவரை மருத்துவம், பொறியியல், சட்டம் என்றே பெரும்பாலும் போயிருக்கிறது. பொருளாதாரத்துக்கென்று ஆண்டுக்கு இரண்டு இடம் ஒதுக்க முடியுமா என்று செயற்குழு பேசிப் பார்க்கட்டும். தலைவர் தலையை ஆட்டுகிறார். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக்கு, ஜனவரி முதல் மாதத்தின் முதல் சனியும் மூன்றாம் சனியும் அஸருக்குப் பிறகு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சரி, எந்தப் பாடநூலானாலும் சரி, மேக்ரோவில் தடுமாறுகிறவர்கள் வரலாம். கட்டணம் இல்லை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் ரப்பரும் கொண்டு வாருங்கள்; ரப்பரை மறக்காதீர்கள். வீட்டில் கடை வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று மாத மின் கட்டணத்தையும் வெங்காயம் வாங்கிய ரசீதுகளையும் எடுத்து வந்தால் முதல் வகுப்பை அதிலிருந்தே தொடங்கலாம்.